தூங்கும் வண்டியில் தூங்காத கம்பி



ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, வண்டிப் பழுதுகளைப் பற்றி என்னிடம் விசாரிப்போர் உண்டு. நாற்பது ஆண்டுக் காலம் வண்டிகளின் மின் வேலையைப் பார்த்தவனுக்கு அது புதிதன்று. ஆனால் சில திங்களுக்கு முன் மூலக்கொத்தளத்தைச் சேர்ந்த தாயார் ஒருவர் என் அருகில் வந்து நின்றபோது, அவர் கேட்க வந்தது வண்டியைப் பற்றி மட்டும் அன்று.

"அண்ணே, எங்கள் காரில் பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும். காருக்காகக் கேட்கவில்லை. அந்தப் பேட்டரியை வைத்து வந்த சண்டையில் என் சின்ன மகன் வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது" என்றார்.

பேட்டரிக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று நான் வியந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபின், இந்தத் திங்கள் நம் பகுதியில் இதையே எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்று நம் பங்குகளில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பல; காரையே நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் பல. நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கிப்போகும் நோயை அறியாத வீடு அரிது. அந்த நோயின் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒழுங்கான வழி ஒன்று உண்டு. அந்த வழியை அறியாதபோது, பணம் மட்டுமன்று, வேறு சிலவும் வீணாகின்றன.

நடந்தது இதுதான்

அத்தாயாரின் மூத்த மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். கடன் வாங்கி எடுத்த சிறிய பெட்ரோல் கார். திங்கள் முதல் சனி வரை ஓட்டம், ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு இராயபுரத்திலிருந்து விமான நிலையத்திற்குச் செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. அந்த ஒரு சவாரியை வைத்தே வாரத்தின் முதல் வருமானம்.

சோதனை எப்போதும் திங்கட்கிழமையில்தான் வந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வரும். அக்கம்பக்கத்தாரை எழுப்பித் தள்ளச் சொல்ல வேண்டும். முதல் பேட்டரி பழையது என்று மாற்றினான். இரண்டாவது ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. வாடிக்கையாளர் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டார்.

இளையவனுக்கு வயது பத்தொன்பது. திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறான். ஞாயிறு மாலைகளில் அண்ணனின் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, உள்ளே அமர்ந்து சிறிது நேரம் பாட்டுக் கேட்பது அவன் வழக்கம். ஞாயிறு மாலை பாட்டு. திங்கள் காலை பேட்டரி காலி. இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? ஒரு திங்கட்கிழமை தெருவில் நின்று, வண்டி தள்ள வந்தவர்கள் கேட்க, "நீ பாட்டுக் கேட்டுக் கேட்டே என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். தம்பி மறுத்தான், நம்புவார் இல்லை. அன்று மாலையே துணிகளை எடுத்துக்கொண்டு, உடன் வேலை செய்யும் பிள்ளைகளோடு தங்கத் திருவொற்றியூருக்குப் போய்விட்டான்.

மூத்தவன் மூன்றாவது பேட்டரி வாங்கினான். அது ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம், திங்கட்கிழமை, மீண்டும் 'டக் டக்'. இப்போது குற்றம் பேட்டரிக் கடைக்காரர்மேல் விழுந்தது. பழைய சரக்கைப் புதிதென்று கொடுத்துவிட்டார் என்று மூத்தவன் சண்டைக்குக் கிளம்பினான்.

"சின்னவன்தான் வீட்டில் இல்லையே, அண்ணே. பிறகு யார் பாட்டுக் கேட்டது?" என்று அத்தாயார் என்னிடம் கேட்டார். வண்டியின் மின்சாரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனினும் அந்தக் கேள்விதான் சரியான சோதனையின் தொடக்கம். சந்தேகப்பட்ட ஒன்றை அகற்றிவிட்டுப் பழுது நிற்கிறதா, தொடர்கிறதா என்று பார்ப்பது. அதற்குமேல் இதில் பெரிய வித்தை இல்லை.

பேட்டரி என்பது யாது?

சோதனைக்குப் போகுமுன் சில சொற்கள். மின்கலத்தை உலகுக்கு முதன்முதல் 1800-ஆம் ஆண்டில் அறிவித்தவர் இத்தாலி நாட்டின் கோமோ நகரத்தவரான அலெசாந்திரோ வோல்ட்டா. நாம் 'வோல்ட்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் பெயரையே சொல்கிறோம். அவர் கத்தோலிக்க விசுவாசத்தில் ஊன்றி வாழ்ந்தவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் முறை வந்தது. அதுவரை முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். காலப்போக்கில் பேட்டரி இல்லாமல் கார் இல்லை என்றாயிற்று.

நம் காரில் இருப்பது பிளாந்தேயின் பேட்டரியின் வழிவந்ததே. ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்; ஆகப் பன்னிரண்டு வோல்ட் என்கிறோம். அதன் கொள்ளளவை 'ஆம்பியர்-மணி' என்று அளப்பர். சிறிய கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி இருக்கும். ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 35 மணி நேரத்தில் குடம் காலி என்று பொருள். வீட்டுக் குடத்தில் தண்ணீர் குறைவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். குடமே ஓட்டையாக இருக்கலாம். குழாயில் நீர் வராதிருக்கலாம். யாரோ நமக்குத் தெரியாமல் மொண்டுகொண்டிருக்கலாம். பேட்டரிக்கும் இம்மூன்றுதான். எது என்று அறியுமுன் புதுக் குடம் வாங்குவதால் பயன் என்ன? மூத்தவன் மூன்று குடம் வாங்கியிருந்தான்.

முதற் சோதனை: குடம் ஓட்டையா?

நான் அவனிடம் கேட்டுக்கொண்டது இரண்டே காரியங்கள். பேட்டரியை ஒரு கடையில் கொடுத்து முழுமையாக மின்னேற்றிக்கொள். சனிக்கிழமை இரவு வண்டியை நிறுத்தியபின் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றித் தனியே ஒதுக்கி வை. பேட்டரி தன் இடத்திலேயே இருக்கட்டும்.

மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே இறுதியில் மாட்ட வேண்டும். வண்டியின் உடல் முழுதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் எங்கேனும் இரும்பில் பட்டால் பெருந்தீப்பொறி எழும். பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. புதிய ரகக் கார்களில் முனையைக் கழற்றினால் கடிகாரமும் சில அமைப்புகளும் மறந்துபோகும்; சில ரேடியோக்கள் இரகசிய எண் கேட்கும். அதை முன்கூட்டி அறிந்துகொள்வது நல்லது.

சனி இரவு, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து, மீட்டரில் 12.6 வோல்ட் இருந்தது. திங்கள் விடியற்காலையில் 12.5-க்கு மேலேயே இருந்தது. முனையை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே எடுத்தது. ஆகவே குடம் ஓட்டையன்று. கடைக்காரர் நல்ல சரக்கையே கொடுத்திருக்கிறார். முனையைக் கழற்றியிருந்தும் பேட்டரி இறங்கியிருந்தால், குற்றம் பேட்டரியினுடையது என்று அப்போது சொல்லலாம்.

இந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். அதற்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

இரண்டாம் சோதனை: குழாயில் நீர் வருகிறதா?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். பழைய தலைமுறையினர் இதனை இன்னும் டைனமோ என்றே சொல்வர். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். விளக்கும் ஏ.சி.யும் போட்டபின்னும் பெரிதாக இறங்கக்கூடாது. இவன் காரில் 14.1 இருந்தது. குழாயும் நன்று.

ஆக மிஞ்சியது மூன்றாவது காரணம்: வண்டி தூங்கும்போது அதனுள் ஏதோ ஒன்று தூங்காமல் மொண்டுகொண்டிருக்கிறது.

மூன்றாம் சோதனை: மொள்வது எவ்வளவு?

செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் தெருவில் இதனைச் செய்தோம். மின்னோட்டத்தை அளக்க மீட்டரை வழியின் நடுவே வைக்க வேண்டும். கழற்றிய மைனஸ் முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே மீட்டர் பாலமாக நிற்கும். வண்டி எடுக்கும் மின்சாரம் முழுதும் மீட்டர் வழியே சென்றாக வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியை அதற்குரிய துளையில் செருக வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். மீட்டர் இவ்வாறு இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் ஃபியூஸ் பறந்துவிடும். அளந்து முடித்தபின் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்து பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட் ஆகும். மூன்றாவதாக, மீட்டரை மாட்டுமுன் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பல்பு பளிச்சென எரிந்தால் கசிவு மிகப் பெரிது. மீட்டரை வைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் பலர் வீட்டில் மீட்டரே இல்லை. பழைய அம்பாசிடர், பத்மினிக் கார்களை இந்தப் பல்பு ஒன்றை வைத்தே சோதித்து முடிப்போம்.

பல்பு மங்கலாகச் சிவந்தது. மீட்டர் முதலில் 0.9 ஆம்பியர் காட்டியது. மூத்தவன் பதறினான். பொறுத்திரு என்றேன். இக்காலக் கார்களில் சிறு கணினிகள் பல உள்ளன. கதவை மூடிச் சாவியை எடுத்தபின்னும் அவை உடனே உறங்குவதில்லை. இருபது நிமிடம் முதல் ஒரு மணி வரை ஆகலாம். அதற்குமுன் அளந்து 'கசிவு' என்று தீர்ப்புச் சொன்னால் அது தவறாகும். கதவுகளை மூடி, பானெட்டை மட்டும் திறந்து வைத்துக் காத்திருந்தோம். தாயார் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது நிமிடம் கழிந்து மீட்டர் 0.68-இல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

நல்ல காரில் இது 0.02 முதல் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்திற்கும், திருட்டு எச்சரிக்கைக்கும், கணினியின் நினைவுக்கும் அவ்வளவு போதும். 0.05 வீதம் 35 ஆம்பியர்-மணி பேட்டரி காலியாக ஏறத்தாழ 29 நாள் ஆகும். இங்கே அதைப்போல் பதின்மூன்று மடங்கு போய்க்கொண்டிருந்தது.

நான்காம் சோதனை: மொள்பவர் யார்?

இனி ஃபியூஸ் பெட்டி. ஒவ்வொரு ஃபியூஸும் வண்டியின் ஒரு பகுதிக்குக் காவல். ஒன்றைக் கழற்று, மீட்டரைப் பார், எண் இறங்கவில்லையானால் அதை அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போ. ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றாதே. கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. கதவுக்குள் இருக்கும் பெட்டியைத் திறப்பதாயின், கதவு மூடியிருப்பதாக வண்டி நினைக்கும்படி அதன் பூட்டை ஸ்குரு டிரைவரால் அழுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும்.

"ரேடியோ ஃபியூஸை முதலில் எடுங்கள், ஐயா" என்றான் மூத்தவன். அவன் மனம் இன்னும் பாட்டிலேயே இருந்தது. எடுத்தேன். மீட்டர் அசையவில்லை. உள்விளக்கு, ஹார்ன், பூட்டு, கண்ணாடி மோட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினோம். இரண்டு பெட்டிகளும் முடிந்தன. எண் 0.68-லேயே நின்றது.

பெட்டி முழுதும் சோதித்தும் கிடைக்கவில்லையானால் என்ன பொருள்? பெட்டிக்குள் வராத வழி ஒன்று இருக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் செல்லும் பெருங்கம்பிகள் இந்தச் சிறு ஃபியூஸ்களுக்குள் வருவதில்லை. நான் டார்ச்சை எடுத்துப் பேட்டரியின் பிளஸ் முனையைப் பார்த்தேன். கம்பெனி மாட்டிய கம்பிகளோடு, விரல் பருமனுள்ள சிவப்புக் கம்பி ஒன்று அதே முனையில் திருகப்பட்டிருந்தது. அது கம்பளத்தின் அடியில் புகுந்து பின்பக்கம் டிக்கிக்குள் சென்றது. நடுவே ஃபியூஸே இல்லை.

"இது என்ன?" என்றேன்.

மூத்தவன் சிறிது நேரம் பேசவில்லை. "ஆம்ப்ளிஃபயர், ஐயா. சவாரிக்கு வருகிறவர்களுக்குப் பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று நான்தான் போன வருடம் வைத்தேன்" என்றான்.

அந்தக் கம்பியைக் கழற்றினேன். மீட்டர் 0.03-க்கு இறங்கியது.

ரேடியோ அணைந்தால் ஆம்ப்ளிஃபயரும் அணைய வேண்டும். அதற்காக ரேடியோவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வரும். அதில் மின்சாரம் இருக்கும்வரை ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கும். மலிவாக மாட்டிக் கொடுத்தவர் அந்த மெல்லிய கம்பியை ரேடியோவரை இழுக்கச் சோம்பி, அருகிலேயே தடித்த கம்பியோடு முறுக்கிவிட்டார். ஆகவே ஓசை இல்லாமல், ஒளி இல்லாமல், பாட்டும் இல்லாமல், இரவும் பகலும் அது விழித்திருந்தது. நடுவே ஃபியூஸ் இல்லாத அக்கம்பி எங்கேனும் உரசி இரும்பில் பட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கக்கூடும். பேட்டரி இறங்கியது ஒருவகையில் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை என்று அவனிடம் சொன்னேன்.

திங்கட்கிழமையின் கணக்கு

ஏன் திங்கட்கிழமை மட்டும்? ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். அந்த ஒரு கம்பி எடுத்தது 0.65 ஆம்பியர். வார நாள்களில் இரவு ஏழெட்டு மணி நேரம் நின்றால் ஐந்து ஆம்பியர்-மணி போகும். காலையில் ஓட்டத்தில் அது நிரம்பிவிடும். ஆனால் சனி இரவு ஒன்பது மணி முதல் திங்கள் காலை நான்கு மணி வரை 31 மணி நேரம். அதற்கு 20 ஆம்பியர்-மணி. 35-இல் 20 போனால் எஞ்சுவது 15. புதிய பேட்டரி அதைக்கொண்டும் எஞ்சினை எடுத்துவிடும். ஆனால் இப்படி வாரந்தோறும் ஆழமாக இறங்கினால் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவம் கெட்டிப்பட்டு, கொள்ளளவே குறைகிறது. 35 என்பது 25 ஆகும். அதில் 20 போனால் எஞ்சுவது ஐந்து. அப்போதுதான் 'டக் டக்'. மூன்றாவது பேட்டரி ஐந்து வாரம் தாங்கியதன் காரணமும் இதுவே.

தம்பியின் பாட்டையும் கணக்கில் சேர்த்தோம். ஒரு மணி நேரத்திற்கு மூன்று ஆம்பியர் என்று கொண்டாலும், போனது மூன்று ஆம்பியர்-மணி. மூன்று எங்கே, இருபது எங்கே? ஞாயிறு மாலைப் பாட்டும் திங்கள் காலைப் பழுதும் அடுத்தடுத்து வந்தன. அதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடவில்லை. இரண்டுக்கும் பின்னால் நின்றது ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வண்டி நின்றதால் தம்பிக்குக் கழுவ நேரம் கிடைத்தது. வண்டி நின்றதால் பேட்டரியும் இறங்கியது.

வேறு குற்றவாளிகள்

எல்லா வண்டியிலும் ஆம்ப்ளிஃபயர் இராது. என் அனுபவத்தில் அடிக்கடி அகப்படுபவற்றைச் சொல்கிறேன்.

டிக்கி விளக்கு: மூடியபின்னும் சுவிட்ச் அழுந்தாமல் எரிந்துகொண்டேயிருக்கும். ஐந்து வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும்; இரண்டு நாளில் பேட்டரியில் பாதி போய்விடும். மூடிய டிக்கிக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? இக்காலத்தில் கைப்பேசியில் படம் பிடிக்க விட்டு உள்ளே வைத்து மூடினால், அதுவே சாட்சி சொல்லும்.

ஆல்டர்னேட்டரின் டயோடு: மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் வாயில் இது. கெட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடும். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால், ஐயம் அதன்மேல்தான்.

கடற்காற்று: காசிமேடு, இராயபுரம், எண்ணூர் பக்கம் வாழும் நமக்கு இது தனிச் சோதனை. உப்பீரமும் தூசியும் அமிலப் படிவும் சேர்ந்து பேட்டரியின் மேற்புறத்தில் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஒரு மெல்லிய வழி அமைக்கின்றன. மீட்டரின் ஒரு முனையை மைனஸில் வைத்து மறு முனையால் பேட்டரியின் மேல்மூடியைத் தொட்டால், வோல்ட் காட்டினால் அவ்வழி உண்டு. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அறைகளின் மூடிக்குள் புகாதபடி துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்த வேண்டும். முனைகளில் வாசலின் தடவலாம்.

வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் பல நாள் தேங்கியது. அத்தகைய நீரில் நின்ற வண்டிகளில், இணைப்புகளுக்குள் புகுந்த நீர் பல மாதம் கழித்தும் பாசிபிடித்துக் கசிவு உண்டாக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் பழையதாக வாங்குவோர் இச்சோதனையை முதலிலேயே செய்வது நலம்.

நெடுநாள் ஓய்வு: 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபின் பல வாரங்கள் கழித்து வண்டியை எடுத்தோர் பலர் பேட்டரியை இழந்தனர். அங்கே பழுது ஒன்றும் இல்லை. இயல்பாகப் போகும் 0.05 ஆம்பியரே போதுமானதாயிற்று. ஊருக்குப் போகும்போது மைனஸ் முனையைக் கழற்றி வைப்போர்க்கு இந்த இழப்பு இல்லை.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கெட்ட பேட்டரியை வீட்டில் போட்டு வைக்காதீர்கள். உடைத்து ஈயம் எடுப்போரிடம் கொடுக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு இல்லை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வர். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மேல் வைத்திருக்கின்றன.

கழற்ற முடியாதது

அன்றிரவு நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மூத்தவன் அந்தச் சிவப்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "இதை வைத்தது நான். பழி போட்டது அவன்மேல்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையையும் பற்றி ஆண்டவர் சொன்னதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன்.

எட்டாம் கட்டளை பொய்ச் சாட்சி சொல்லாதிருக்க நம்மைப் பணிக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனத்தில் முடிவு கட்டுவதும் அதே கட்டளைக்கு எதிரான பாவம் என்று திருச்சபை கற்பிக்கிறது. நீதிமன்றம் ஏறிப் பொய் சொல்வோர் நம்மிடையே சிலரே. வீட்டுக்குள் விசாரணையின்றித் தீர்ப்பெழுதுவோர் நம்மில் பலர். சர்க்கரை குறைந்தால் வேலைக்காரப் பெண். பணம் குறைந்தால் சின்னப் பிள்ளை. பேட்டரி இறங்கினால் தம்பி. ஒரு வண்டியின் பழுதுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எண் இறங்கினால்தான் குற்றம் என்கிறோம். நம் உடன்பிறப்புக்கு அந்த நாற்பது நிமிடத்தைக் கொடுப்பதில்லை.

மறுநாள் மூத்தவன் அதே காரில் திருவொற்றியூருக்குப் போனான். முதல் முறை தம்பி வெளியே வரவில்லை. தெருவில் பலர் முன்னிலையில் சொன்ன சொல்லைத் தனியாகச் சொல்லும் மன்னிப்பு எடுத்துவிடாது என்பதை மூத்தவன் அப்போதுதான் உணர்ந்தான். அடுத்த ஞாயிறு, வண்டி தள்ள வந்த அந்த அயலார் இருவரையும் அழைத்துக்கொண்டு சென்று, அவர்கள் கேட்கத் தன் தவற்றைச் சொன்னான். பேட்டரிக் கடைக்கும் சென்று அவ்வாறே சொன்னான்.

இளையவன் இன்னும் வார நாள்களில் திருவொற்றியூரில்தான் தங்குகிறான். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறான். சென்ற ஞாயிறு ஆலய வாசலில் தாயாரைக் கண்டேன். "வண்டி எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை நன்றாக எடுக்கிறது, அண்ணே. அந்தக் கம்பிக்கு ஃபியூஸ் போட்டு ரேடியோவோடு சரியாக இணைத்தது சின்னவன்தான். முடித்துவிட்டு அண்ணனும் தம்பியும் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள்" என்றார்.